பத்து லட்சத்தை எந்தக் கண்மாயில் இறக்குவது?

ராமநாதபுரம் மாவட்டத்தில், கடலாடிப் பக்கத்தில் ஒரு கண்மாய். சித்திரையில் தண்ணீர் வற்றிக் கிடக்கும்போது உள்வாயில் நடந்தால் காலில் தட்டுப்படுபவை பூச்சிமருந்து பாட்டில்கள்தான். போன சித்திரையில் ஒன்பது பாட்டில்களைப் பொறுக்கி, கரையில் வரிசையாக வைத்துப் பார்த்தேன். ஒவ்வொரு லேபிளிலும் சாய்சதுரமாக ஒரு கட்டம் இருக்கும். அதன் கீழ்ப்பாதி முக்கோணத்தின் நிறம் நஞ்சின் வேகத்தைச் சொல்லும். சிவப்பு என்றால் மிகக் கொடியது, அடுத்து மஞ்சள், அப்புறம் நீலம், கடைசியில் பச்சை. ஒன்பதில் பச்சை ஒன்றுகூட இல்லை. எந்தப் பாட்டிலுக்கும் மூடியும் இல்லை. மூடியை வீட்டில் எடுத்து வைத்திருக்கிறார்கள், அளப்பதற்கு. “டேங்குக்கு ரெண்டு மூடி” என்பதுதான் இங்கே கணக்கு. லேபிளில் அச்சடித்திருக்கும் மில்லி கணக்கு, வெயிலில் நின்று படிக்க முடியாத பொடி எழுத்து.

ஐப்பசி, கார்த்திகையில் மழை பிடித்தால் அந்தக் கண்மாய் நிறைந்து, உபரித் தண்ணீர் வழிகிற கலுங்கு பாயும். அடுத்த கண்மாய், அதற்கடுத்த கண்மாய், ஓடை, கடைசியில் வாலிநோக்கம், மாரியூர்ப் பக்கம் கடல். வருடத்துக்கு 800 மி.மீ. சொச்சம் பெய்யும் மழையில் பெரும்பங்கு இந்த இரண்டு மூன்று மாதத்துக்குள் கொட்டிவிடுவதால், வயலில் தேங்கியதெல்லாம் ஒரே ஓட்டமாகக் கடலுக்குப் போகிறது. அங்கே 1986-இல் தேசியப் பூங்காவாக அறிவித்த மன்னார் வளைகுடாத் தீவுகள் 21 இருக்கின்றன. பவளப்பாறை, கடற்புல், அதை மேய வரும் ஆவுளியா என்கிற கடற்பசு எல்லாம் அந்தத் தண்ணீரில்தான் வாழ்கின்றன. மிளகாய்க்கு அடிக்கிற சைபர்மெத்ரின் வகை மருந்துகள் இறாலையும் நண்டையும் கொல்ல மிகக் கொஞ்சமே போதும். நம் பக்கத்தில் விவசாயியின் பிரச்சினையையும் மீனவரின் பிரச்சினையையும் தனித்தனி ஃபைலில் போட முடியாது என்று நான் சொல்லிக்கொண்டிருப்பது இதனால்தான்.

சில வருடங்களாக ஒரு சிறிய குடும்ப அறக்கட்டளைக்குக் களவேலை பார்த்து வருகிறேன். இந்தக் கோடையில் அறங்காவலர்கள் உட்கார்ந்து பேசினோம். வருடத்துக்குப் பத்து லட்சம், மூன்று வருடத்துக்கு. நிலமும் பிழைக்க வேண்டும், கடலில் சேரும் நஞ்சும் குறைய வேண்டும். எதில் போடுவது? கீழக்கரையிலும் ஏர்வாடியிலும் பரமக்குடியிலும் இதே கேள்வியோடு இருக்கும் சங்கங்களையும் அறக்கட்டளைகளையும் எனக்குத் தெரியும். வளைகுடா நாடுகளிலிருந்தும் மலேசியாவிலிருந்தும் பணம் அனுப்பிவிட்டு, “என்ன செஞ்சீங்க?” என்று வருடக் கடைசியில் கேட்கிறவர்களும் இருக்கிறார்கள். நாங்கள் போட்டுப் பார்த்த கணக்கை அவர்களுக்காக இங்கே எழுதுகிறேன்.

முதலில், எல்லோரும் செய்வது: பயிற்சி முகாம் வைத்து இடுபொருள் கொடுப்பது. ஒரு மண்டபம், ஒரு வல்லுநர், மதியச் சாப்பாடு, போகும்போது ஆளுக்கொரு கேன் பஞ்சகவ்யம், கொஞ்சம் உயிர் உரம், மஞ்சள் ஒட்டுப்பொறி. அறுபது பேருக்குச் செய்தாலும் ஒரு லட்சத்துக்குள் முடிந்துவிடும். போட்டோவும் வரும். நாங்களும் இரண்டு முறை செய்தோம். அடுத்த தையில் போய்ப் பார்த்தால் அந்தக் கேன்களில் பாதியில் குடிதண்ணீர் இருந்தது. அதற்காக விவசாயிகளைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. சிக்கல் என்ற ஊர்ப் பக்கத்தில் ஒரு மிளகாய்க்காரர், என் அப்பா வயது, என்னை வரப்பில் உட்கார வைத்துச் சொன்னார்: “தம்பி, நீங்க குடுத்தது நல்லதுதான். பூச்சி விழுந்த அன்னைக்கு என்கிட்ட உங்க கரைசலும் இல்ல, காசும் இல்ல. கடைக்காரரு பாட்டிலைக் கடனுக்குக் குடுத்தாரு. நான் என்ன செய்ய?”

இந்த ஒரு பேச்சுதான் எங்கள் மொத்தக் கணக்கையும் மாற்றியது. நஞ்சு வயலுக்கு வரும் வழி அறியாமை என்று நினைத்துக்கொண்டிருந்தோம். அது வரும் வழி கடன். உரக்கடையில் பாக்கி வைத்து மருந்து எடுக்கலாம். அறுவடைக்கு அப்புறம் கொடுத்தால் போதும். எந்த மருந்து அடிப்பது என்பதையும் அதே கடைதான் சொல்கிறது. விற்பனையும் அப்படித்தான். கமிஷன் கடையில் முன்பணம் வாங்கியவர் அங்கேதான் மூட்டையை இறக்க வேண்டும். இயற்கை வழியில் இறங்குகிறவருக்கோ கடன் கிடையாது, கூட நின்று பார்க்க ஆள் கிடையாது, விளைச்சல் குறைந்தால் கேட்பாரும் கிடையாது. அந்த இடத்தில் நின்று உதவாத எந்தத் திட்டமும் ஒரு பருவத்தைத் தாண்டாது என்று இப்போது நினைக்கிறேன். மற்ற வழிகளையும் இந்த அளவுகோலை வைத்தே பார்க்கிறேன்.

இரண்டாவது, கண்மாய் வேலை. என் மனம் இயல்பாகவே இங்கேதான் போகும். இந்த மாவட்டத்தில் கண்மாயைத் தொடாமல் விவசாயம் பற்றிப் பேச முடியாது. மதுரையிலிருந்து இயங்கும் தானம் அறக்கட்டளை வயலகம் என்ற பெயரில் ஆயக்கட்டு விவசாயிகளை, அதாவது கண்மாய்த் தண்ணீர் பாயும் வயல்காரர்களை, சங்கமாகச் சேர்த்து, வரத்துக்கால், மடை, கலுங்கு என்று ஒவ்வொன்றாகச் சீர்செய்யும் முறையைப் பல வருடங்களாகச் செய்து காட்டியிருக்கிறது. ஜேசிபியைக் கொண்டுவந்து தூரை வாரிவிட்டுப் போவதற்கும் இதற்கும் பெரிய வித்தியாசம் உண்டு. சங்கம் இருந்தால் அடுத்த வருடமும் மடையைப் பார்க்க ஆள் இருப்பார்கள்.

கண்மாயில் எடுக்கிற வண்டலும் கரம்பையும் வயலுக்குப் போனால் ரசாயன உரத்தின் தேவை கண்கூடாகக் குறையும். அந்தக் காலத்தில் மாட்டுவண்டியில் அடித்தார்கள், இப்போது டிராக்டர் டிப்பர். வட்டாட்சியர் அனுமதியோடு விவசாயி வண்டலை இலவசமாக எடுத்துக்கொள்ளவும் வழி இருக்கிறது. செலவு வண்டி வாடகைதான். அதை ஓர் அறக்கட்டளை ஏற்றுக்கொண்டாலே நிறையப் பேர் எடுப்பார்கள். கூடவே ஆட்டுக்கிடை. மிளகாய்ச் செடியைப் பிடுங்கிய பிறகு ராத்திரி கிடை போட்டால் புழுக்கையும் மூத்திரமும் அந்த மண்ணிலேயே விழும். நம் கீதாரிகள் தஞ்சாவூர் வரைக்கும் மந்தையை ஓட்டிப் போகிறார்கள். ஒரு வாரம் இங்கேயே தங்கிக் கிடை போட்டால் கூலி உண்டு என்று சொன்னால் தங்குவார்கள்.

குறை என்ன? கண்மாய் நிறைந்தால் சாகுபடிப் பரப்பு கூடும். பரப்பு கூடினால், வேறு ஏற்பாடு இல்லாதவரை, மருந்தும் கூடும். நேரடி விதைப்பு நெல்லில் களைக்கொல்லி அடிப்பது இப்போது வழக்கமாகிவிட்டது. தண்ணீர் வந்த வருடம் அதுவும் அதிகம். கண்மாயை மட்டும் பார்த்து வயலைப் பார்க்காமல் விட்டால் கடலுக்கு நன்மை செய்தோம் என்று சொல்ல முடியாது. இன்னொன்று, பெரிய கண்மாய் என்றால் பத்து லட்சம் கரைக்கே காணாது. கண்மாய்க்குள் மண்டிக் கிடக்கும் சீமைக் கருவேலத்தை ஒரே மூச்சில் அழிக்கப் போனால் கரிமூட்டம் போட்டுப் பிழைக்கும் குடும்பங்களின் அடுப்பு அணைந்துவிடும். அவர்களோடு உட்கார்ந்து பேசாமல் அந்த வேலையில் இறங்கக் கூடாது.

மூன்றாவது, சான்றிதழும் சந்தையும். ராமநாதபுரம் முண்டு மிளகாய்க்கு 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. பெயர் கிடைத்துவிட்டது, விலை கிடைக்க வேண்டும். இயற்கை மிளகாய் என்று வெளிநாட்டுக்கு அனுப்ப மத்திய அரசின் தேசிய இயற்கை உற்பத்தித் திட்டத்தின் கீழ்ச் சான்று வேண்டும். ரசாயனத்தை விட்டு மாறுவதற்கான மாறுகாலம், மிளகாய் போன்ற பருவப் பயிருக்கு இரண்டு வருடம். அந்த இரண்டு வருடமும் விவசாயி இயற்கையாக விளைவித்து, சாதாரண விலைக்கு விற்க வேண்டும். சான்றுக் கட்டணத்தை அறக்கட்டளை கட்டலாம், பலர் கட்டவும் செய்கிறார்கள். ஆனால் அந்த இரண்டு வருடப் பள்ளத்தை யார் நிரப்புவது? உள்ளூர்ச் சந்தைக்கு மட்டும் என்றால் பங்கேற்பு உறுதிச் சான்று முறை இருக்கிறது. ஐந்து பேராவது சேர்ந்து குழுவாகி, ஒருவர் வயலை ஒருவர் பார்த்துச் சான்று சொல்லும் முறை. செலவு குறைவு. எங்களைப் போன்ற சிறியவர்களுக்கு இதுதான் தோது.

சந்தையைப் பற்றிப் பேசும்போது மிளகாய் காயவைக்கும் களத்தை மறந்துவிடுகிறார்கள். மாசி, பங்குனியில் சாயல்குடி ரோட்டில் போனால் இருபுறமும் செக்கச்செவேல் என்று மிளகாய்ப் பழம் காய்ந்துகொண்டிருக்கும். வெறும் தரையில் காய்கிற பழம் ராத்திரிப் பனியில் நனைந்து, மறுநாள் மேலே காய்ந்து உள்ளே ஈரமாகவே இருக்கும். அந்த ஈரத்தில் பூஞ்சணம் பிடித்து அஃப்ளடாக்சின் என்ற நஞ்சு உண்டாகிறது. ஐரோப்பிய ஒன்றியம் மிளகாயில் கிலோவுக்கு மொத்தம் 10 மைக்ரோகிராமுக்கு மேல் அதை அனுமதிப்பதில்லை. ஒரு துளி மருந்து அடிக்காமல் விளைவித்த பழம்கூட இதனால் திரும்பி வரலாம். களத்தில் பழம் பொறுக்கிக்கொண்டிருந்த ஓர் அக்கா ஒரு பழத்தைக் காதருகே வைத்து ஆட்டிக் காட்டினார். விதை கலகலவென்று சத்தம் போட்டால் காய்ந்துவிட்டது, சத்தம் அமுங்கினால் இன்னும் ஒரு வெயில் வேண்டும். அந்த அறிவு ஏற்கெனவே இருக்கிறது. இல்லாதது தார்ப்பாயும், சாயங்காலம் குவித்து மூட ஒரு கூரையும்தான். ஊருக்கு ஒரு சிமெண்ட் களமும் இருபது தார்ப்பாயும் கொடுப்பது நல்ல செலவு. நஞ்சைக் குறைப்பதில் அதற்கு நேரடிப் பங்கு இல்லை என்றாலும், மாறியவருக்கு விலை கிடைக்க அது உதவும்.

கடற்பாசி பற்றியும் கேட்பார்கள், மண்டபம் பக்கத்துச் சங்கங்கள் குறிப்பாக. பாசியைப் பிழிந்தெடுத்த சாறு பயிருக்கு நல்ல ஊக்கி. மீனவப் பெண்களுக்கு வருமானம், விவசாயிக்கு இடுபொருள் என்று கேட்கவே பொருத்தமாக இருக்கிறது. மூங்கில் மிதவையில் கட்டினால் 45 நாளில் அறுவடை. ஆனால் இங்கே வளர்க்கும் கப்பாஃபைகஸ் வெளியிலிருந்து 1990-களில் மண்டபத்துக்கு வந்த இனம். 2008-இல் அது குருசடைத் தீவின் பவளப்பாறைமேல் படர்ந்திருப்பதை ஆய்வாளர்கள் பதிவு செய்தார்கள். கடலைக் காப்பாற்றுவதற்காகக் கொடுக்கும் பணத்தை அங்கே கொண்டுபோய்ப் போட எனக்குத் தயக்கம் உண்டு. மரிக்கொழுந்துப் பாசியும் கட்டக்கோரையும் எடுத்துக் காலங்காலமாகப் பிழைக்கும் பெண்களுக்கு உதவ வேண்டும் என்றால் கண்ணாடி, கையுறை, காப்பீடு, நியாய விலை என்று வேறு தேவைகள் நிறைய இருக்கின்றன. அதைத் தனி வேலையாகவே எடுத்துச் செய்ய வேண்டும்.

இறால் பண்ணைக் கழிவு, சட்டப் போராட்டம் பற்றியும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1996 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் கடலோர இறால் பண்ணைகள் பற்றிக் கொடுத்த தீர்ப்பு, 2005-இல் வந்த கடலோர நீர்வாழ் உயிரின வளர்ப்பு ஆணையச் சட்டம் என்று ஆயுதங்கள் இருக்கின்றன. அதை எடுத்து நடத்த வழக்கறிஞரும் பல வருடப் பொறுமையும் வேண்டும். பெரிய அறக்கட்டளைகள் இதை எடுத்தால் நல்லது, மூன்று வருடப் பணத்தோடு நாங்கள் எடுக்க முடியாது. தண்ணீரையும் மண்ணையும் சோதித்து நஞ்சின் அளவை எழுதி வைப்பது மட்டும் எந்தத் திட்டத்திலும் இருக்க வேண்டும். வருடத்துக்கு இரண்டு முறை: கலுங்கு பாய்வதற்கு முன் ஒன்று, பின் ஒன்று. அது இல்லாமல் “குறைத்துவிட்டோம்” என்று சொல்வது பேச்சளவில் நின்றுபோகும்.

இனி, நாங்கள் எதில் வந்து நின்றோம் என்று சொல்கிறேன். ஆளுக்கும் ஆபத்துக்கும் பணம் கொடுப்பது என்று முடிவெடுத்தோம்.

ஆள் என்றால், ஒரு சிறிய கண்மாயின் ஆயக்கட்டுக்கு இரண்டு பேர், அந்த ஊரிலேயே இருப்பவர்கள், முழுநேரச் சம்பளத்தில். ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், மிளகாயில் இலை சுருண்டால் விவசாயி கடைக்கு ஓடுகிறார், கடையில் ஏதோ ஒன்றைக் கொடுக்கிறார்கள். இலை மேல்நோக்கிச் சுருண்டிருந்தால் அது இலைப்பேன் வேலை. கீழ்நோக்கிச் சுருண்டிருந்தால் சிலந்திப்பேன். இரண்டுக்கும் ஒரே மருந்து கிடையாது. சிலந்திப்பேன் இருக்கும் வயலில் சைபர்மெத்ரினை அடித்தால் அதைத் தின்னும் நல்ல பூச்சிகள் செத்து, பேன் முன்னைவிடப் பெருகும். அடுத்த வாரம் இன்னும் இரண்டு டேங்க். இப்படித்தான் ஒரு பருவத்தில் பாட்டில்கள் குவிகின்றன. இலையைத் திருப்பிப் பார்த்து, “அண்ணே, இது இலைப்பேன், நீல ஒட்டுப்பொறி வைப்போம், வேப்பங்கொட்டைக் கரைசல் அடிப்போம், மூணு நாள் கழிச்சு நானே வந்து பார்க்கறேன்” என்று சொல்ல ஒருவர் பக்கத்தில் இருந்தால் பாதி மருந்து கடையிலேயே இருக்கும். முகாமில் வரும் வல்லுநரால் இது முடியாது. பூச்சி விழும் அன்று அவர் ஊரில் இருக்க மாட்டார்.

ஆபத்து என்றால், நம் பேச்சைக் கேட்டு மருந்தடிக்காமல் இருந்தவருக்கு விளைச்சல் விழுந்தால், ஏக்கருக்கு இவ்வளவு என்று முன்கூட்டியே எழுதிக் கொடுத்த தொகையைக் கொடுத்துவிடுவது. பூச்சியால் விளைச்சல் விழுந்தால் அரசின் பயிர்க் காப்பீடு ஊர் அளவில் அல்லது பிர்கா (சில ஊர்கள் சேர்ந்த வருவாய்ப் பகுதி) அளவில் சராசரி விளைச்சலைப் பார்த்துத்தான் இழப்பீடு தரும். அந்தப் பகுதியில் எல்லோரும் நன்றாக எடுத்து இவர் ஒருவர் மட்டும் இழந்தால் அதில் வழியில்லை. இந்த ஒரு உறுதியைக் கொடுத்தால் சேர்கிறவர்களின் எண்ணிக்கை மாறும் என்பது என் நம்பிக்கை. கூட்டத்தில் இதைச் சொன்னபோது, அதுவரை பின்னால் நின்றிருந்த பெண்கள் முன்னால் வந்து எவ்வளவு, எப்போது, எழுத்தில் தருவீர்களா என்று கேட்டார்கள். பயிற்சி பற்றிப் பேசியபோது யாரும் எதுவும் கேட்கவில்லை.

கடனுக்கும் பதில் வேண்டும். ஆனி, ஆடியில் வேம்பு பழுத்து உதிரும்போது நம் ஊர்ப் பாட்டிகள் வேப்பமுத்து பொறுக்கி வியாபாரிக்குப் போடுகிறார்கள். அந்த முத்தை நாமே வாங்கி, காயவைத்து, மார்கழியில் தேவைப்படும்போது விவசாயிக்குக் கடனுக்குக் கொடுக்கலாம். அறுவடை முடிந்து பணம் வந்தால் போதும். ஐந்து கிலோ வேப்பம்பருப்பை இடித்து ராத்திரி ஊறவைத்து வடிகட்டி, நூறு லிட்டராக்கி, கொஞ்சம் சோப்புக் கரைசல் சேர்த்தால் ஐந்து சதவீதக் கரைசல். பாட்டிக்குக் காசு, விவசாயிக்குக் கடையின் அதே வசதி, திரும்பி வரும் பணம் அடுத்த ஆடிக்கு.

பத்து லட்சத்தில் இரண்டு பேர் சம்பளம் மாதம் பதினாறாயிரம் வீதம் 3,84,000. ஆபத்து நிதி மூன்று லட்சம், வங்கியில் தனிக் கணக்கில். வேப்பமுத்துக்கும் சுழலும் கடனுக்கும் ஒன்றரை லட்சம். மீதியில் தார்ப்பாய், வண்டல் வண்டி வாடகை, கிடைக் கூலி, சோதனை. கண்மாய்க் கரையில் பாட்டில் போட ஒரு பெரிய இரும்புத் தொட்டியும் வைக்கிறோம். காலியானதை மூன்று தரம் அலசி, அலசிய தண்ணீரையும் டேங்கிலேயே ஊற்றி அடித்துவிட வேண்டும் என்பதை முதல் வாரத்திலேயே சொல்லிக் கொடுக்க வேண்டும். எல்லோரும் ஒரே நாளில் மருந்தை விட்டுவிடப் போவதில்லை. விடாதவரின் பாட்டிலாவது தண்ணீருக்குள் போகாமல் இருக்கட்டும்.

சம்பளம் என்றதும் சில கொடையாளிகள் முகம் சுளிக்கிறார்கள். “பணம் மக்களுக்குப் போகணும், ஆளுக்குப் போகக் கூடாது” என்கிறார்கள். அவர்களிடம் இதைத் தயவாகக் கேட்டுக்கொள்கிறேன்: வரப்பில் நடக்கிற ஆள்தான் இந்தத் திட்டமே. கம்பெனிகளின் சமூகப் பொறுப்பு நிதியில் நிர்வாகச் செலவுக்கு 5 சதவீத வரம்பு இருப்பது உண்மை. ஆனால் திட்டத்தை நேரடியாக நடத்துகிறவரின் சம்பளம் அந்த வரம்புக்குள் வராது. அதே விதிகளில் தொடர் திட்டம் என்று தீர்மானம் போட்டால் தொடங்கிய வருடம் போக இன்னும் மூன்று வருடம் நடத்தலாம். நிதியாண்டு முடிகிறதே என்று மார்ச் மாதத்தில் அவசரமாகக் கேன் வாங்கிக் கொடுக்க வேண்டிய கட்டாயம் இல்லை. 2013 கம்பெனிச் சட்டத்தின் 135-ஆம் பிரிவின்படி லாபத்தில் 2 சதவீதம் ஒதுக்கும் கம்பெனிகளிடம் பேசப் போகிறவர்கள் இதைக் கையில் வைத்துக்கொண்டு பேசுங்கள்.

வெளிநாட்டிலிருந்து அனுப்புகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. இந்தியப் பாஸ்போர்ட் வைத்திருப்பவர் தன் சம்பாத்தியத்தை முறையான வங்கி வழியில் அனுப்பினால் அது வெளிநாட்டுப் பங்களிப்பு ஆகாது. மலேசிய, சிங்கப்பூர் குடியுரிமை வாங்கிவிட்டவர் அனுப்பினால் ஆகும். அதற்குத் தனிப் பதிவும், டெல்லி ஸ்டேட் பேங்க் கிளையில் கணக்கும் வேண்டும். வெளிநாட்டுப் பங்களிப்புச் சட்டத்தில் வந்த 2020 திருத்தத்துக்கு அப்புறம் அந்தப் பணத்தை ஓர் அமைப்பு வாங்கி இன்னொரு அமைப்புக்குக் கைமாற்றவும் கூடாது. ஊர்ச் சங்கம் மூலமாக எங்களுக்குத் தருகிறோம் என்று நல்ல மனதோடு வருகிறவர்களை இதனால் திருப்பி அனுப்ப வேண்டியிருக்கிறது.

கோடிக்கணக்கில் வைத்திருக்கும் பெரிய அறக்கட்டளை என்னிடம் கேட்டால் வேறு பதில் சொல்வேன். மேல்கண்மாயில் தொடங்கிக் கடல்வாய் வரைக்கும் ஒரே சங்கிலியை எடுத்து, வயலகம் மாதிரிச் சங்கங்களையும் மீனவச் சங்கங்களையும் ஒரே மேசையில் உட்கார வைத்துப் பத்து வருடம் நடத்துங்கள் என்பேன். கண்மாய் வேலைக்கும் அப்போது முழு அர்த்தம் வரும். எங்களால் முடிந்தது அந்தச் சங்கிலியில் கடைசிக் கண்மாய், கடலுக்கு முந்தியது. அதனால் அதையே எடுத்திருக்கிறோம்.

வேப்பமுத்து வாங்குவதை ஆடி முதல் வாரத்தில் தொடங்குகிறோம். இரண்டு பேரில் ஒருவர் கிடைத்துவிட்டார், விவசாயம் படித்த உள்ளூர்ப் பெண். இன்னொருவரைப் புரட்டாசிக்குள் பார்த்துவிட வேண்டும். முதல் மழை விழுந்து விதை போட்டுவிட்டார்கள் என்றால் ஒரு வருடம் போய்விடும்.